உருமியின் தேய்ப்புக் குறியை லில்லிபாண்டில் வரைவது எப்படி? போஸ்ட்ஸ்கிரிப்ட் துண்டு சொன்னபடி கேட்க மறுக்கிறது

கேள்வி: கம்பத்தடி, கோபிசெட்டிபாளையம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்ட நாளிலிருந்து அதைப் பிடுங்கும் நாள் வரை, ஒவ்வோர் இரவும் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். அந்த ஆட்டத்துக்கு வாசிக்கும் தப்பட்டை அடிகளையும் உருமி அடிகளையும் முழுமையாக அறிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது மூன்று பேர்தான். அவர்கள் வாசித்ததைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, இரண்டு ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் இசைக்குறிப்பாக எழுதி வருகிறேன். சொற்கட்டாகவே எழுதிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். ஒரே வாத்தியமாக இருந்தால் அது போதும். தப்பட்டையின் எந்த அடிக்கு நேராக உருமியின் எந்தத் தேய்ப்பு விழுகிறது என்பதை மேலும் கீழுமாக அடுக்கிக் காட்ட வேண்டியிருப்பதால் கோட்டுக்குறிப்பைத் தேர்ந்துகொண்டேன்.

மென்பொருள் லில்லிபாண்ட் 2.24; கட்டளைகளை எழுத்தாகத் தந்தால் இசைக்குறிப்பாக வரைந்து தருவது. வாத்தியம் ஒன்றுக்கு ஒற்றைக் கோடு கொண்ட தாள வரியைப் பயன்படுத்துகிறேன். தப்பட்டையில் தொல்லை இல்லை: அடிக்குச்சிக்குச் சாதாரணத் தலை (சுரக்குறியின் உருண்டைப் பகுதி), சிண்டுக்குச்சிக்குப் பெருக்கல் குறித் தலை, இரண்டும் மென்பொருளிலேயே இருக்கின்றன. உருமியில் ஒரு முகத்தை நேர்குச்சியால் அடிப்பதற்கும் சாதாரணத் தலை போதும். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்து எழுப்பும் உறுமலுக்குத்தான் உலகத்துக் குறிகள் எதுவும் பொருந்தவில்லை. எனவே வளைந்த குச்சியின் வடிவத்திலேயே ஒரு தலையை இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தேன். அதைப் பார்த்து எண்களை எடுத்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு வரைவு மொழியில் நிரலாக எழுதி, குறிப்பில் எழுத்தும் படமும் இட உதவும் மார்க்அப் கட்டளைக்குள் நுழைத்தேன்.

குறி வந்துவிட்டது, ஆனால் பின்வரும் தொல்லைகளும் உடன் வந்தன. குறி அடுத்த சுரத்தலையின் மேல் ஏறி உட்காருகிறது. பிடிஎஃப்பில் தெரியும் குறி, இணையத்தில் இடுவதற்காக எஸ்விஜி என்ற படக்கோப்பாக எடுத்தால் அறவே இல்லை. சுரத்தின் தண்டு (செங்குத்துக் கோடு) மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. போஸ்ட்ஸ்கிரிப்டைக் கைவிட்டு 'பாத்' என்ற மார்க்அப் கட்டளையில் இங்க்ஸ்கேப்பின் எண்களை அப்படியே ஒட்டிப் பார்த்தேன். அப்போது தாளில் ஐந்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு ஒரு பெருங்கொக்கி தலைகீழாகத் தொங்கியது.

இவை தவிர, நீண்ட தேய்ப்புக்குத் தலையிலிருந்து அடுத்த அடி வரை ஒரு நெளிகோடும் வேண்டும். அதன் நீளத்தை நிரலில் எப்படிச் சொல்வது என்றே விளங்கவில்லை. வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பதில்: நொய்யல்கரை, கோயம்புத்தூர்

நண்பருக்கு வணக்கம். நீங்கள் சொன்ன தொல்லைகளில் முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றே. போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளைக்குள் நீங்கள் எழுதும் சரத்தை லில்லிபாண்ட் படிப்பதே இல்லை. உறையில் இட்டு ஒட்டிய கடிதத்தைத் தபால்காரர் கொண்டுசெல்வதுபோல, அதை வாங்கி வெளியீட்டுக் கோப்பில் அப்படியே போட்டுவிடுகிறது. பிறகு கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு நிரல்தான் அதைப் பிரித்து வரைகிறது. ஆனால் எந்தத் தலைக்கு எவ்வளவு இடம், எது எதனுடன் மோதும் என்ற கணக்கையெல்லாம் லில்லிபாண்ட் அதற்கு முன்பே முடித்துவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாததால், உங்கள் குறிக்கு அகலம் என்று ஒன்று இருப்பதாகவே அது கணக்கில் கொள்வதில்லை. அடுத்த தலை அதன்மேல் ஏறாமல் வேறு என்ன செய்யும்?

இதற்கு 'வித்-டைமென்ஷன்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது. குறி இடவலமாக −0.1 முதல் 1.1 வரையும், மேல்கீழாக −0.6 முதல் 0.6 வரையும் பரவியிருக்கிறது என்று அதில் நீங்களே அறிவித்துவிட்டால், மோதல் நின்றுவிடும். அறிவிப்பதை மென்பொருள் அப்படியே நம்பும், சரிபார்க்காது. பிறகு குறியைப் பெரிதாக்கிவிட்டு இந்த எண்களை மாற்ற மறந்தால் பழைய கதைதான்.

எஸ்விஜியில் குறி மறைவதற்கும் அந்த உறைதான் காரணம். எஸ்விஜி வெளியீட்டில் போஸ்ட்ஸ்கிரிப்டைப் படிக்க எவரும் இல்லை. 2022 டிசம்பரில் வந்த 2.24 பதிப்பில் கெய்ரோ என்ற புதிய வெளியீட்டு வழி சேர்க்கப்பட்டது. அதிலும் இந்தக் கட்டளை வேலை செய்யாது. இதைக் கடைசிப் புகலிடமாகவே கொள்ள வேண்டும் என்று மென்பொருளின் கையேடே சொல்கிறது. நானும் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் போஸ்ட்ஸ்கிரிப்டிலேயே எழுதிக் குவித்தவன். பதிப்பு மாறியபோது நூறு பக்கத்துக்கு மேல் திருத்த நேர்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை.

ஆகவே 'பாத்' கட்டளையை விட்டுவிடாதீர்கள். அதை லில்லிபாண்டே படித்து, குறியின் எல்லைகளைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. பிடிஎஃப், எஸ்விஜி இரண்டிலும் ஒன்றுபோல வரைகிறது. கொக்கி தலைகீழானதற்கும் பூதாகாரமானதற்கும் காரணம் அளவுமுறைதான். எஸ்விஜியில் ஒய் அச்சு மேலிருந்து கீழாக வளர்கிறது. லில்லிபாண்டில் கணித வகுப்பில் படித்தபடியே கீழிருந்து மேலாக வளர்கிறது. அலகும் வேறு. லில்லிபாண்டின் அலகு, ஐந்து கோட்டு வரியில் இரு கோடுகளுக்கு இடையிலான இடைவெளி. வரியின் இயல்பான உயரமான 20 புள்ளியில் (புள்ளி என்பது இங்கே அச்சு அலகு) அது 5 புள்ளி, அதாவது ஏறத்தாழ 1.76 மில்லிமீட்டர். நீங்கள் இங்க்ஸ்கேப்பில் 24க்கு 24 என்ற சதுரத்துக்குள் வரைந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 24 இடைவெளி என்றால் 42 மில்லிமீட்டர். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாளில் அது மிகச் சரியாக ஐந்தில் ஒரு பங்கு.

மாற்றும் கணக்கு எளிது. ஒவ்வொரு புள்ளியிலும் எக்ஸ் எண்ணை 24ஆல் வகுங்கள். ஒய் எண்ணை 24ஆல் வகுத்து, வந்ததை 0.5இலிருந்து கழியுங்கள். 6, 18 என்ற புள்ளி 0.25, −0.25 ஆகும். இப்படிச் செய்தால் குறியின் நடுவே தாளக் கோடு ஓடும். உயரம் ஒரு இடைவெளியாக, மற்றத் தலைகளின் உயரத்துக்கு ஒத்து நிற்கும். எஸ்விஜியின் எம், எல், சி, இசட் என்ற எழுத்துகளுக்கு இங்கே முறையே மூவ்டூ, லைன்டூ, கர்வ்டூ, குளோஸ்பாத் என்ற சொற்கள். வட்டவில்லுக்கான ஏ என்ற எழுத்துக்கு இங்கே இணை இல்லை. அதைக் கன வளைவாக மாற்றியே தர வேண்டும்: கால்வட்டம் ஒன்றுக்குக் கைப்பிடியின் (நுனியிலிருந்து வளைவை இழுக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டின்) நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு என்று வைத்தால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது.

அந்தரத்தில் நிற்கும் தண்டைப் பொறுத்தவரை, நோட்ஹெட் (சுரத்தலை) பொருளின் ஸ்டென்சிலை, அதாவது வரையும் உருவத்தை, மாற்றும்போது 'ஸ்டெம்-அட்டாச்மென்ட்' என்ற பண்பையும் சேர்த்துக் கொடுங்கள். தண்டு தலையின் எந்த மூலையைத் தொட வேண்டும் என்பதை அந்த இரண்டு எண்கள் சொல்லும்.

பதில்: ஊசிமுனை, திருப்பூர்

நான் இசைக்குறிப்பு எழுதுபவள் அல்ல. பனியன்களில் தைக்கும் எம்பிராய்டரிப் படங்களைக் கணினியில் கோடாக்கிக் கொடுப்பது என் வேலை. நாள் முழுவதும் வளைவுகளோடு புழங்குவதால், மேலே சொல்லப்படாத ஒன்றைச் சொல்லத் தோன்றியது.

கம்பத்தடி அவர்கள் தம் குறியைக் கையால் தாளில் வரைந்து, படமெடுத்து, இங்க்ஸ்கேப்பின் தானியங்கி டிரேஸில் கோடாக்கியிருந்தால், அதில் நூற்றுக்கு மேல் நோடுகள் (வளைவின் முனைப் புள்ளிகள்) இருக்கும். பென்சிலின் ஒவ்வொரு நடுக்கத்தையும் கணினி மரியாதையாகப் பதிவு செய்துவிடும். எங்கள் தொழிலில் அப்படிப்பட்ட கோப்பை எந்திரத்துக்கு அனுப்பினால் நூல் அறும். உங்களுடையதில் எண்கள் பக்கம் பக்கமாக நீளும், திருத்துவதற்குக் கை வைக்க முடியாது. வளைந்த குச்சி என்பது ஒரே வளைவு. அதற்கு இரண்டு நோடு போதும்.

தேய்ப்புக் குச்சியைப் படத்தில் பார்த்துவிட்டு, நொய்யல்கரை அவர்கள் சொன்ன அலகில் எழுதிப் பார்த்தேன். மூவ்டூ 0, −0.5 என்று தொடங்குங்கள். பிறகு ஒரே ஒரு கர்வ்டூ: முதல் கைப்பிடி 0.1, 0.2, இரண்டாம் கைப்பிடி 0.5, 0.6, முடியும் இடம் 1.0, 0.5. கோட்டின் தடிமன் 0.2. கீழிருந்து நிமிர்ந்து எழுந்து, உச்சியில் வலப்புறமாகச் சாயும் குச்சி கிடைக்கும். கடைசி நுனி மிகச் சிறிதளவு தாழ்ந்து முடியும். அந்தத் தாழ்வு இல்லாவிட்டால் அது குச்சியாகத் தெரியாமல் அம்புபோலத் தெரிகிறது.

தடிமனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புத்தகத்துக்காக வரியைச் சிறிதாக்கி 14 புள்ளியில் அச்சிட்டால் ஓர் இடைவெளி 1.23 மில்லிமீட்டராகக் குறையும், 0.2 தடிமனுள்ள கோடு கால் மில்லிமீட்டர் அளவுக்கு வந்து நிற்கும். அது தாங்கும். 0.1 என்று வைத்தீர்களானால் மட்டமான தாளில் கோடு விட்டுவிட்டுத் தெரியும். போஸ்ட்ஸ்கிரிப்டில் தடிமனைச் சுழி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்: சுழி என்றால் அந்தக் கருவியால் இயன்ற மிக மெல்லிய கோடு என்று பொருள். திரையில் அது நன்றாகவே தெரியும். அங்குலத்துக்கு 2400 புள்ளி எடுக்கும் அச்சுப் பிளேட்டில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அச்சில் காணாமல் போகும். ஒரு பனியன் ஆர்டரில் இப்படி நூறு சட்டைக்கு மயிலுக்குத் தோகை இல்லாமல் போன கதை எங்கள் யூனிட்டில் உண்டு, தவறு என்னுடையதுதான்.

கம்பத்தடி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திருப்பூர் சகோதரி சொன்னது அப்படியே உண்மை. என் பழைய கோப்பில் 143 நோடுகள் இருந்தன. அவர் கொடுத்த ஒற்றை வளைவை இட்டதும் குறி தெளிவாக வந்துவிட்டது, எஸ்விஜியிலும் தெரிகிறது.

எனினும் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக என் பழைய படத்தையும் ஒரு முறை கையால் மாற்றிப் பார்த்தேன். முதல் புள்ளி மட்டும் சரியான இடத்தில் அமர, மற்றவை எல்லாம் படிக்கட்டில் ஏறுவதுபோல மேலே மேலே போய்விட்டன. எங்கே தவறினேன்?

அச்சிட்ட தாளை உருமி வாசிக்கும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தலைக்குறியை உடனே புரிந்துகொண்டார். நீண்ட தேய்ப்புக்காக நான் கிளிசாண்டோ (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதைக் காட்டும் கோடு) கட்டளையை நெளிகோடாக மாற்றிப் போட்டிருந்ததைக் கண்டு, "ஏனுங்க, இதென்ன கம்பி மேல புழுவாட்ட நெளியுது? எம்பட குச்சி தேய்க்கறது இப்பிடியா இருக்குது?" என்று கேட்டுவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். ஒற்றைக் கோட்டு வரியில் எல்லாத் தலைகளும் அந்தக் கோட்டிலேயே இருப்பதால், நெளிகோடும் அதன் மேலேயே படுத்து, இரண்டும் பின்னிக்கொண்டு கிடக்கிறது.

பதில்: நொய்யல்கரை, கோயம்புத்தூர்

படிக்கட்டின் காரணம் சிறிய எழுத்து. எஸ்விஜியில் பெரிய எழுத்துக் கட்டளைகளின் எண்கள் தாளின் மூலையிலிருந்து அளந்தவை. சிறிய எழுத்துக் கட்டளைகளின் எண்கள் முந்தைய புள்ளியிலிருந்து அளந்தவை. கோப்பைச் சுருக்குவதற்காக இங்க்ஸ்கேப் இரண்டையும் கலந்தே எழுதும். முந்தைய புள்ளியிலிருந்து அளந்த எண்களை 24ஆல் வகுத்து, ஒய் எண்ணுக்கு மட்டும் கூட்டல் கழித்தல் குறியை மாற்றினால் போதும். நீங்கள் அங்கும் ஒவ்வொரு முறையும் 0.5ஐச் சேர்த்திருப்பீர்கள், அதனால் ஒவ்வொரு புள்ளியும் அரை இடைவெளி மேலே ஏறியிருக்கிறது. இந்தத் தலைவலி வேண்டாம் என்றால், இங்க்ஸ்கேப் விருப்பங்களில் எஸ்விஜி வெளியீட்டுப் பகுதிக்குச் சென்று, பாதைகளை மூலையிலிருந்து அளந்தே எழுதச் சொல்லிவிடுங்கள். படம் இருக்கும் குழுவுக்கு டிரான்ஸ்ஃபார்ம் என்று தனியாக ஒரு நகர்த்தல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், கோப்பில் எழுதியிருக்கும் எண்ணும் கண்ணில் தெரியும் இடமும் ஒன்றாக இருக்காது.

பதில்: நாற்குரல், ஈரோடு

தேவாலயப் பாடகர் குழுவுக்கு நான்கு குரல் நோட்டு எழுதிப் பழகியவன் என்ற முறையில், நெளிகோட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அதை நிரலில் வரைய முயல வேண்டாம் என்பதே என் கருத்து. தலைக்குறியின் அளவு மாறாதது. அதனால் அதை எண்களாக எழுதிவைக்க முடிகிறது. வாலின் நீளமோ, அந்த வரியில் எத்தனை அடிகள் அமைகின்றன, மென்பொருள் அவற்றை எவ்வளவு நெருக்குகிறது என்பதைப் பொறுத்தது. இன்று மூன்று இடைவெளி நீளம் என்று எழுதிவைத்தால், நாளை ஓர் அடியைச் சேர்த்தவுடன் வரி முழுவதும் நகர்ந்து, வால் பாதியில் நிற்கும் அல்லது அடுத்த தலையைக் குத்தும். இரு சுரங்களுக்கு இடையே தானே நீண்டு சுருங்கும் பொருள்களை லில்லிபாண்ட் ஸ்பேனர் என்கிறது. இந்த வேலை அவற்றுக்கே உரியது.

கிளிசாண்டோவும் ஸ்பேனர்தான். ஆனால் அது தலையிலிருந்து தலைக்கு ஓடுவது. ஒற்றைக் கோட்டில் அது கோட்டின் மேல் விழாமல் வேறு வழியில்லை. அதற்குப் பதிலாக டெக்ஸ்ட் ஸ்பேனரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து எதையும் தராமல், அதன் பாணியை ஜிக்ஜாக் அல்லது டிரில் என்று மாற்றி, திசையைக் கீழே என்று வைத்தால், தாளக் கோட்டுக்குக் கீழே தனியாக ஒரு நெளிகோடு ஓடும். தேய்ப்பு தொடங்கும் சுரத்தில் தொடக்கக் கட்டளை, அடுத்த அடியில் முடிவுக் கட்டளை. முடிவில் அடுத்த தலைக்குக் கீழே புகுந்துவிடாமல் இருக்க வலப்பக்க இடைவெளியான பேடிங்கைச் சிறிது கூட்டுங்கள். ஜிக்ஜாக்கின் பல்லை அகலமாக்கவும் குறுக்கவும் ஜிக்ஜாக்-விட்த், ஜிக்ஜாக்-லெங்த் என்ற இரு பண்புகள் உள்ளன. எனக்கு டிரில் பாணிதான் பிடிக்கிறது. அதன் அலை உருண்டு வருவதால் உறுமலுக்குப் பொருத்தமாகத் தோன்றும்.

மிகக் குறுகிய தேய்ப்புகளுக்கு வால் வேண்டுமா என்பதைப் பெரியவரிடமே கேளுங்கள். அரைக்கால் மாத்திரைக்குள் இரண்டு நெளிவைத் திணித்தால் அது அழுக்காகத்தான் தெரியும்.

ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. குறிகளை ஓர் எழுத்துருவாகவே செய்துவிடலாமே? யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இசைக்குறிகளுக்கு இடம் வகுத்த ஸ்மஃப்ல் என்ற நியமம் இருக்கிறது. 2013இல் ஸ்டைன்பெர்க் வெளியிட்ட பிரவூரா அதன்படி அமைந்த எழுத்துருதான். நம் குறியை ஃபான்ட்ஃபோர்ஜில் ஓர் எழுத்தாக்கிவிட்டால், லில்லிபாண்டில் மட்டுமல்லாமல் வேர்டு கோப்பிலும், பாட விளக்கத்தின் நடுவிலும் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

பதில்: நொய்யல்கரை, கோயம்புத்தூர்

நாற்குரல் ஐயா ஸ்பேனரைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எழுத்துருவைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரே ஒரு குறிக்காக எழுத்துரு செய்தால், கோப்பைப் பெறும் ஒவ்வொருவரும் அதைத் தம் கணினியில் நிறுவியாக வேண்டும். நிறுவாதவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். 'பாத்' வரியோ குறிப்புக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. கோப்பு போகுமிடமெல்லாம் குறியும் போகும். பம்பை, திடும் என்று குறிகள் பத்துப் பன்னிரண்டாகப் பெருகினால் அப்போது எழுத்துருவைப் பற்றி யோசிக்கலாம்.

போஸ்ட்ஸ்கிரிப்டை நான் ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் அச்சுக்கு மட்டுமே போகிறது, முகப்பில் எதனோடும் மோதாத ஓர் அலங்காரப் பின்னல் வேண்டும் என்றால், அதற்கு இன்றும் அதையே பயன்படுத்துவேன். சுழல் கட்டளை ஒன்றை எழுதி ஒரு கோலத்தையே போட்டுவிடலாம். 'பாத்' கட்டளைக்குள் அப்படிச் சுழல் எழுத இடமில்லை.

கம்பத்தடி

டெக்ஸ்ட் ஸ்பேனரை டிரில் பாணியில் கீழே இறக்கிவிட்டேன். வரியை எவ்வளவு நெருக்கினாலும் வால் தன் இடத்தில் நிற்கிறது. குறுந்தேய்ப்புக்கு வால் வேண்டாம், கொக்கியே போதும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். எழுத்துருவை இப்போதைக்குத் தொடவில்லை.

நேற்று மாலை புதிய தாளை எடுத்துச் சென்றபோது, அதைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, உருமியைத் தோளில் மாட்டிக் கொக்கி வந்த இடங்களில் சரியாகத் தேய்த்துக் காட்டினார். பிறகு அவர் எழுப்பிய ஐயம் ஒன்றே: குச்சி தம் கையில் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும், தாளில் வலப்பக்கமாகச் சாய்கிறதே என்றார். எக்ஸ் எண்களையெல்லாம் எதிர்க்குறியாக்கிப் பார்த்தேன். சாய்வு சரியாகிவிட்டது, ஆனால் குறி முழுவதும் முந்தைய அடியின் பக்கம் ஓர் இடைவெளி தள்ளிப்போய் நிற்கிறது.

பதில்: ஊசிமுனை, திருப்பூர்

எதிர்க்குறி இட்டதால் படம் சுழிக்கு இடப்பக்கம் புரண்டுவிட்டது. ஒவ்வொரு எக்ஸ் எண்ணையும் ஒன்றிலிருந்து கழித்து எழுதுங்கள்: தொடக்கம் 1.0, −0.5, கைப்பிடிகள் 0.9, 0.2 மற்றும் 0.5, 0.6, முடிவு 0, 0.5. குறி பழைய இடத்திலேயே இருந்துகொண்டு இடப்பக்கம் சாயும். தண்டு தொடும் மூலையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.